குற்றம் சாட்டுபவனின் அளவுகோல்

1

சென்ற வருஷம் இப்பக்கங்களில் ஒரு கவிதைத் தொகுப்புக்கு நான் எழுதிய மதிப்புரையைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர் கார்டு போட்டிருந்தார். ஒரே வரி. 'உம்மை யார் ஐயா பப்ளிக் பிராசிக்யூட்டர் ஆக்கியது?'

கோபத்தில் கேட்ட கேள்விதான். ஆனால் நியாயமான கேள்வி. விமர்சனம் என்ற பெயரில் தமிழில் நடப்பது பெரும்பாலும் ஒன்று முகஸ்துதி, இல்லையென்றால் வசை. இரண்டுக்கும் அளவுகோல் தேவைப்படுவதில்லை. குற்றம் சாட்டுபவன் நிலைமை வேறு. அவனிடம் ஒரு அளவுகோல் இருந்தாக வேண்டும். அது எங்கிருந்து கிடைத்தது, யார் கொடுத்தார்கள், நாளைக்கு அவன் மீதே அதை வைத்துப் பார்த்தால் சம்மதிப்பானா என்ற கேள்விகளுக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். நண்பரின் கார்டை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டேன். பாங்கியிலிருந்து திரும்பியதும் மாலை நேரங்களில் நான் படித்துக்கொண்டிருந்தது, தற்செயலாக, ஒரு பிராசிக்யூட்டரைத்தான். டெல்ஃபோர்ட் டெய்லர் என்ற அமெரிக்கர். நியூரம்பர்க் யுத்தக் குற்ற விசாரணைகளில் அரசுத் தரப்பு வழக்கறிஞர்.

நியூரம்பர்க் என்றால் பலருக்கும் நினைவுக்கு வருகிற பெயர் ராபர்ட் ஜாக்ஸன். 1945 நவம்பர் 21ந் தேதி அவர் நிகழ்த்திய தொடக்க உரை பிரசித்தம். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி; ஆங்கிலத்தைக் கையாளத் தெரிந்தவர். இன்று இந்தக் குற்றவாளிகளை எந்த அளவுகோலால் அளக்கிறோமோ அதே அளவுகோலால் நாளை சரித்திரம் நம்மையும் அளக்கும் என்ற பொருளில் அந்த உரையில் அவர் சொன்னார். எடுத்தாளாதவர்கள் இல்லை. ஆனால் ஒரு நல்ல வாக்கியத்தைச் சொல்வது ஒன்று, அந்த வாக்கியத்துக்கு உள்ளே போய் வாழ்வது வேறொன்று. ஜாக்ஸன் ஓராண்டில் வாஷிங்டன் திரும்பிவிட்டார். 1954ல் இறந்தும் போனார். அவர் சொன்ன 'நாளை' வந்தபோது அதற்கு முகம் கொடுக்க வேண்டியிருந்தது அவருடைய உதவியாளராக இருந்த டெய்லர்தான். அதனால்தான் ஜாக்ஸனைவிட டெய்லர் எனக்கு முக்கியமாகப் படுகிறார்.

2

டெய்லர் 1908ல் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடியில் பிறந்தார். ஹார்வர்டில் சட்டம். ரூஸ்வெல்ட் காலத்து வாஷிங்டனில் அரசாங்க வழக்கறிஞர். யுத்தத்தின்போது ராணுவ உளவுப் பிரிவு. இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில், ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படிக்கும் இடத்தில், அமெரிக்கர்களின் தலைவராக இருந்தார். அந்த விஷயம் 1974 வரை வெளியே தெரியாது. மற்றவன் தனக்குள் எழுதிக்கொண்டதைப் படிப்பதுதான் அங்கே அவருக்குக் கிடைத்த பயிற்சி. நியூரம்பர்க்கிலும் அவர் செய்தது அதைத்தான் என்று சொல்லலாம்.

இலக்கிய விமர்சகனுக்கு நியூரம்பர்க்கில் அக்கறை வரவேண்டிய இடம் இது. வழக்கைச் சாட்சிகளின் கண்ணீரை விட ஆவணங்களின் மீதே கட்டுவது என்று ஜாக்ஸன் தீர்மானித்திருந்தார். ஆக, அரசுத் தரப்பின் வேலை வாசிப்பு. எதிரி தன் கையால் எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்து வைத்த காகிதங்களை வாசிப்பது. அந்தக் காகிதங்களில் கொலை என்ற சொல் அநேகமாகக் கிடையாது. 'விசேஷ நடவடிக்கை' இருக்கும். 'மறுகுடியேற்றம்' இருக்கும். குமாஸ்தா பாஷை. தினமும் சர்க்குலர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்தப் பாஷையின் வழவழப்பு தெரியும். செய்கிறவன் யார் என்று வாக்கியத்தில் இருக்கவே இருக்காது, எல்லாம் 'செய்யப்பட்டிருக்கும்'. அந்தச் செயப்பாட்டு வினையைப் பிரித்து எழுவாயை வெளியே இழுத்துக்கொண்டு வருவதுதான் பிராசிக்யூட்டரின் தொழில்.

1946 ஜனவரியில் ஜெர்மானியத் தலைமைத் தளபதிகளின் அமைப்பு மீதான வழக்கை டெய்லர் முன்வைத்தார். தோற்றார் என்றே சொல்ல வேண்டும். அது ஒரு குற்ற அமைப்பு என்று அறிவிக்கக் கோர்ட் மறுத்துவிட்டது. தனி மனிதர்களை வேண்டுமானால் தனித்தனியே விசாரிக்கலாம் என்றது. ஜாக்ஸன் போனபின் டெய்லர் அந்தப் பொறுப்புக்கு வந்து அதையே செய்தார். 1946 முதல் 1949 வரை அமெரிக்க ராணுவக் கோர்ட்டுகளில் பன்னிரண்டு வழக்குகள். டாக்டர்கள், நீதிபதிகள், முதலாளிகள், தளபதிகள், மந்திரிகள். 177 பேர் விசாரிக்கப்பட்டார்கள். 142 பேருக்குத் தண்டனை, 35 பேருக்கு விடுதலை.

இவற்றில் ஒன்று, கிழக்கே நகர்ந்த கொலைப் படைகளின் மீதானது. அப்படைகள் பெர்லினுக்கு அனுப்பிய தினசரி அறிக்கைகள் சிக்கின. எந்த ஊரில் எத்தனை பேர் என்ற கணக்கு. பென்ஜமின் ஃபெரன்ஸ் என்ற இளைஞர் அந்த எண்களைக் கூட்டும் இயந்திரத்தில் கூட்டிக்கொண்டே போய், பத்து லட்சம் தாண்டியதும் கூட்டுவதை நிறுத்திவிட்டு டெய்லரிடம் ஓடினார். ஆள் இல்லை, பணம் இல்லை என்றார் டெய்லர். பிறகு, நீயே நடத்து என்று ஒப்படைத்தார். ஃபெரன்ஸுக்கு அப்போது வயது 27. ஒரு சாட்சியையும் கூப்பிடாமல் இரண்டு நாளில் தன் தரப்பை முடித்துக்கொண்டார். எழுதியவர்களின் எழுத்தே போதுமானதாக இருந்தது.

டெய்லர் தாமே முன்னின்று தொடங்கியது 1946 டிசம்பர் 9ந் தேதி டாக்டர்கள் வழக்கு. கூண்டில் 23 பேர். டாகாவ் முகாமில் மனிதர்களை ஐஸ் தண்ணீரில் அமுக்கி வைத்துப் பார்த்தது, காற்றழுத்தம் குறைந்த அறையில் அடைத்தது, ராவன்ஸ்ப்ரூக்கில் பெண்களின் காலைக் கீறிக் கிருமியை ஏற்றியது, புக்கன்வால்டில் டைஃபஸ் - இவற்றை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறார். ஜாக்ஸனின் அலங்காரம் இதில் இல்லை. வறண்ட நடை. ஸ்டாக் எடுப்பதுபோல. இறந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை என்று சொல்லும் இடத்தில்கூடக் குரல் உயர்வதில்லை. இந்த வறட்சி ஒரு குறை என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. விஷயம் கனமாக இருக்கும்போது எழுதுபவன் தன் உணர்ச்சியைக் கொண்டுவந்து குறுக்கே வைக்க வேண்டியதில்லை. நம் கவிஞர்களில் சிலருக்கு இதைப் படிக்கக் கொடுக்கலாம்.

அளவுகோல் திரும்பும் என்பதற்கு முதல் அடையாளமும் இந்த வழக்கிலேயே இருந்தது. அமெரிக்கச் சிறைகளில் கைதிகள் மீது மலேரியாச் சோதனை நடக்கவில்லையா என்று எதிர்த்தரப்பு கேட்டது. அரசுத் தரப்பின் நிபுணருக்குச் சங்கடமான கேள்வி. அதே வருஷங்களில், மஞ்சூரியாவில் மனிதர்களைச் சோதனைப் பிராணிகளாக்கிய இஷீ என்ற ஜப்பானிய ராணுவ டாக்டரையும் அவர் ஆட்களையும், சோதனை முடிவுகளை வாங்கிக்கொண்டு அமெரிக்கா சும்மா விட்டது. டெய்லருக்கு அதில் பங்கில்லை. ஆனால் அவர் பேசிய கொடியின் கீழ்தான் அது நடந்தது.

தண்டனைகளும் நிலைக்கவில்லை. 1951 ஜனவரியில் அமெரிக்க ஹைகமிஷனர் மக்ளாய் பலருக்குத் தண்டனையைக் குறைத்தார். அடிமைத் தொழிலாளரை வைத்து ஆலை நடத்திய க்ருப் வெளியே வந்தார். பறிமுதலான சொத்தும் திரும்பியது. ரஷ்யாவுக்கு எதிராக ஜெர்மனி வேண்டியிருந்தது. டெய்லர் இதைக் கண்டித்து எழுதினார். யாரும் கேட்கவில்லை.

3

இத்தோடு முடிந்திருந்தால் டெய்லர் ஒரு மரியாதைக்குரிய ரிடையர்டு ஜெனரல், அவ்வளவே. பதக்கங்களோடு பழைய கதை சொல்லிக்கொண்டு இருந்திருக்கலாம். அவர் செய்தது வேறு. 1953ல், மக்கார்த்தியைக் கண்டு வாஷிங்டனே நடுங்கிய நேரத்தில், வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரிக்குப் போய் மாணவர்கள் முன்னால் மக்கார்த்தியைக் கண்டித்துப் பேசினார். மக்கார்த்தி பதிலுக்கு டெய்லரின் தேச விசுவாசத்தையே சந்தேகத்துக்கு உள்ளாக்கினார். ஜூனியஸ் ஸ்கேல்ஸ் என்பவர் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் என்பதற்காகவே தண்டிக்கப்பட்டபோது அவருக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடி, 1961ல் ஐந்துக்கு நான்கு என்று தோற்றார். அரசாங்கத்தின் பெயரால் குற்றம் சாட்டியவர் இப்போது அரசாங்கத்தால் குற்றம் சாட்டப்பட்டவன் பக்கத்தில் நின்றார். பிறகு கொலம்பியா சட்டக் கல்லூரியில் பேராசிரியர்.

1968 மார்ச் 16ந் தேதி வியத்நாமில் மை லாய் கிராமத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் நூற்றுக்கணக்கான கிராமத்தாரைச் சுட்டுக் கொன்றார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் மறைத்து வைக்கப்பட்டு, 1969 நவம்பரில் வெளியே வந்தது. 1970ல் டெய்லரின் 'நியூரம்பர்கும் வியத்நாமும்' வெளியாகிறது. சிறிய புத்தகம். அமெரிக்கத் தலையீட்டைத் தொடக்கத்தில் ஆதரித்த ஒருவர் எழுதியது என்பது அதன் கனத்தைக் கூட்டுகிறது. நியூரம்பர்க்கில் ஜெர்மானியரிடம் கேட்ட கேள்விகளை வரிசை மாறாமல் அவர் தன் நாட்டுத் தளபதிகளிடம் கேட்கிறார். சிவிலியன்களை ஊரோடு பெயர்த்தது, கண்டதும் சுடலாம் என்று பிராந்தியங்களையே ஒதுக்கியது, பிணக் கணக்கை வெற்றிக் கணக்காக வைத்தது. மறுபடியும் அதே குமாஸ்தா பாஷை. 'அமைதிப்படுத்தல்' என்று ஒரு வார்த்தை. அதைப் படிக்க அவருக்கு ஏற்கெனவே பழக்கம் இருந்தது.

மை லாய்க்காகத் தண்டிக்கப்பட்டது காலி என்ற ஒரு லெஃப்டினென்ட் மட்டுமே. டெய்லர் மேலே பார்த்தார். பிலிப்பைன்ஸில் தன் படைகள் செய்த அட்டூழியங்களைத் தடுக்கத் தவறினார் என்பதற்காக ஜப்பானிய ஜெனரல் யமாஷிடாவை அமெரிக்கர்கள் 1946 பிப்ரவரியில் தூக்கிலிட்டிருந்தார்கள். அந்த அளவுகோல் சரியென்றால் அது வியத்நாமில் அமெரிக்கத் தளபதியாக இருந்த வெஸ்ட்மார்லண்டுக்கும் பொருந்தும் என்று 1971ல் டெலிவிஷனில் சொன்னார். நியூரம்பர்க் பிராசிக்யூட்டர் சொல்கிறார் என்பதால் அதைத் துரோகி என்று ஒதுக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. வெஸ்ட்மார்லண்டை யாரும் விசாரிக்கவுமில்லை.

4

இங்கே டெய்லரைத் தெய்வமாக்கிவிட்டுப் போவது சுலபம். அது விமர்சனம் ஆகாது. அந்தப் புத்தகத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. சிறிய ஓட்டை அல்ல.

வடவியத்நாமின் மீது நடந்த குண்டுவீச்சைப் பற்றி வரும்போது டெய்லர் தயங்குகிறார். நியூரம்பர்க்கில் நகரங்களின் மீதான குண்டுவீச்சு குற்றமாகச் சாட்டப்படவில்லை. காரணம் வெளிப்படை. இரண்டு தரப்பும் செய்தது. ஹாம்பர்க், டிரெஸ்டன், டோக்கியோ என்று பார்த்தால் ஜெயித்த தரப்பு அதிகம் செய்தது. அங்கே சாட்டாததை இங்கே நியூரம்பர்க்கின் பெயரால் சாட்ட முடியாது என்கிறார். சட்டப்படி ஒழுங்கான வாதம். ஆனால் இதன் அர்த்தம் என்ன? ஜெயித்தவன் தன் குற்றத்தைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டான். விட்டதாலேயே அது குற்றமில்லாமல் போயிற்று. இப்போது அதைக் காட்டி இன்னொரு குண்டுவீச்சும் தப்பிக்கிறது. நோம் சோம்ஸ்கி முதலானவர்கள் அப்போதே டெய்லரை இந்த இடத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

பாங்கியில் சஸ்பென்ஸ் கணக்கு என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாத தொகையைத் தாற்காலிகமாக அதில் போட்டு வைப்போம். நாள் முடிவில் கணக்கு 'டாலி' ஆகிவிடும். ஆனால் தொகை எங்கேயும் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஆடிட்டர் வந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். நியூரம்பர்க் குண்டுவீச்சை சஸ்பென்ஸில் போட்டு வைத்தது. டெய்லர் அங்கே எழுத்தராக இருந்தவர். ஆடிட்டராகத் திரும்பி வந்தபோதும் அந்தப் பதிவை அவரால் எடுத்து எழுத முடியவில்லை.

1972 டிசம்பரில் டெய்லர் ஹனாய்க்குப் போகிறார். பாடகி ஜோன் பயஸ், ஒரு பாதிரியார், வியத்நாமில் சண்டையிட்டுத் திரும்பிய ஒரு சிப்பாய் ஆகியோர் கூட. கையில் அமெரிக்க யுத்தக் கைதிகளுக்குக் கடிதங்கள். போன சமயத்தில்தான் 18ந் தேதி நிக்ஸனின் கிறிஸ்துமஸ் குண்டுவீச்சு ஆரம்பமாகிறது. 64 வயது முன்னாள் பிரிகேடியர் ஜெனரல், தன் நாட்டு பி-52 விமானங்களுக்குக் கீழே, பதுங்கறையில். இடிந்துபோன பாக் மாய் ஆஸ்பத்திரியைப் பார்த்துவிட்டு வந்தார். பார்த்ததை எழுதினார். பயஸ் அந்தச் சத்தங்களைப் பதிவு செய்துகொண்டுபோய் இசைத்தட்டாக வெளியிட்டார். தன் புத்தகத்தில் சட்டத்துக்கு வெளியே வைத்த ஆகாயத்தை அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. கண்மூடித்தனமான குண்டுவீச்சைத் தடை செய்யும் ஜெனீவா கூடுதல் ஒப்பந்தம் 1977ல்தான் வந்தது. அமெரிக்கா கையெழுத்துப் போட்டது, உறுதி செய்யவில்லை.

1992ல், 84 வயதில், நியூரம்பர்க் விசாரணையின் முழு வரலாற்றை எழுதி வெளியிட்டார். அதில் தன் தரப்பின் தவறுகளை ஒளிக்கவில்லை. கேரிங்கை ஜாக்ஸன் குறுக்கு விசாரணை செய்து சறுக்கியது, யூத வெறுப்பைப் பரப்பிய பத்திரிகைக்காரன் ஸ்ட்ரைக்கரை ஆற அமர யோசிக்காமல் தூக்கிலிட்டது எல்லாம் வருகிறது. 1998 மே மாதம் இறந்தார். அதற்கு இரண்டு மாதத்துக்குள் ரோமில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான ஒப்பந்தம் நிறைவேறிற்று. அமெரிக்கா அதில் இல்லை. இந்தியாவும் இல்லை. இலங்கையும் இல்லை.

5

ஜெயித்தவன் நீதிக்கு இன்னொரு பதிலும் உண்டு. நமக்குப் பக்கத்துப் பதில். டோக்கியோ விசாரணையில் இந்தியாவின் சார்பில் உட்கார்ந்த ராதாவினோத் பால், 1948ல் அனைவரையும் விடுவித்துத் தனித்தீர்ப்பு எழுதினார். கொடுமைகள் நடக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. சாட்டுகிறவர்களுக்குச் சாட்டும் தகுதியையும், சாட்ட உதவும் சட்டத்தையும் கேள்வி கேட்டார். காலனி நாட்டுக்காரனுக்கு அதில் ஒரு சந்தோஷம் இருக்கத்தான் செய்யும், எனக்கும் இருந்தது. ஆனால் சயாம் மரண ரயில் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்டுச் செத்த பல்லாயிரம் தமிழ்க் கூலிகளை நினைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பைப் படித்தால் சந்தோஷம் குறைகிறது. நீதிபதியின் கை அழுக்கு என்பதால் செத்தவனின் வழக்கு தள்ளுபடியாகிவிடுமா? 2005ல் டோக்கியோவின் யாசுகுனி ஆலயத்தில் பாலுக்கு நினைவுக் கல் வைத்தார்கள். யார் வைத்தார்கள் என்பதில் ஒரு விமர்சனம் இருக்கிறது.

பாலின் வழி: நீயும் குற்றவாளி, ஆகவே தீர்ப்பு வேண்டாம். டெய்லரின் வழி: தீர்ப்பு சரி, ஆகவே நீயும் கூண்டில் ஏறு. ஓட்டையோடு சேர்த்தே எனக்கு இரண்டாவதுதான் சரியென்று படுகிறது.

நம்மிடம் மனுநீதிச் சோழன் இருக்கிறானே என்பார்கள். இருக்கிறான், ஹைகோர்ட் வளாகத்தில் சிலையாக. சொந்த மகன் மீதே தேரை ஏற்றியவன். ஆனால் கதையின் முடிவில் சிவன் வந்து கன்றையும் மகனையும் எழுப்பிவிடுகிறான். நீதிக்கு விலையே இல்லாமல் ஆக்கிவிடுகிறோம். நிஜத்தில் சிவன் வருவதில்லை.

2009 இறுதிப் போர் பற்றி ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழுவின் அறிக்கை 2011ல் வெளிவந்தது. சிவிலியன் சாவுகளில் பெரும்பாலானவை அரசின் ஷெல்லடியால் என்றது. ஆஸ்பத்திரிகள் தாக்கப்பட்டதைச் சொன்னது. தப்பி ஓடியவர்களைப் புலிகள் சுட்டதையும், மக்களைக் கேடயமாக்கியதையும், பிள்ளைகளைப் படைக்குப் பிடித்ததையும் சொன்னது. நம்மில் எத்தனை பேர் முதல் பகுதியை மட்டும் மேற்கோள் காட்டி எழுதினோம்? இரண்டு தரப்புத் தொகையும் சமம் என்று சொல்ல வரவில்லை, சமமில்லை. ஆனால் தொகை சிறியது என்பதால் ஒரு பதிவை சஸ்பென்ஸில் போடலாமா? அந்த இரண்டாம் பகுதியில் செத்தவர்களும் நம்மவர்கள்தானே?

இதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று கார்டு போட்ட நண்பர் கேட்கலாம். அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் குறிப்பிட்ட மதிப்புரையில் இரவல் உணர்ச்சி என்பதுதான் அந்தக் கவிஞர் மீது நான் வைத்த குற்றச்சாட்டு. அதே வருஷம் எனக்கு வேண்டிய ஒருவரின் நாவல் வந்தது. இந்தப் பத்திரிகைக்கு ஸ்டாம்ப் ஒட்டிக் கொடுக்கிறவர்களில் அவரும் ஒருவர். அதிலும் அதே இரவல், சொல்லப்போனால் கொஞ்சம் கூடுதலாகவே. மதிப்புரை கேட்டபோது ஆபீஸில் ஆண்டுக் கணக்கு முடிக்கிற சமயம், நேரமில்லை என்றேன். நேரம் இருந்தது.

கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதியதில் ஒரு வரியையும் நான் திரும்பப் பெறவில்லை. நாவல் பற்றிய கட்டுரையை அடுத்த இதழுக்கு ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். நாவலாசிரியரிடமும் சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கவர்களில் ஸ்டாம்ப் ஒட்ட வரவில்லை.